பதில் சொல்லாத முன்பல்

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் இடப்பக்கத்துப் பல் உயிரோடு இருக்கிறதா, செத்துப்போய்விட்டதா என்ற கேள்வி ஒரு மழைக்காலம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது. பல்லுக்கு உயிர் என்று தனியாக ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வலித்தால் டாக்டர், வலிக்காவிட்டால் பேஸ்ட், அவ்வளவுதான் எனக்கும் பல்லுக்கும் இருந்த உறவு. அந்த உறவைக் கெடுத்தது ஒரு கண்ணாடிக் கதவு. கதவின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. ‘வாங்க’ என்ற சொல்லை நேரத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற என் அவசரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

என் கணவரின் பெரியப்பா மகன் அன்னூருக்குப் பக்கத்தில் புது வீடு கட்டியிருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. புதுமனை புகும் புண்ணியார்ச்சனை அன்று வருகிறவர்களை வரவேற்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. விருந்தில் உப்பு குறைந்ததை மறந்துவிடுவார்கள். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே’ என்பதை மட்டும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் பிறந்த வீட்டார் உடுமலைப்பேட்டையிலிருந்து சீரோடு வந்து இறங்குவது ஹாலில் இருந்தே தெரிந்தது. அக்கா ஹோமத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரும் இல்லை. நான் சந்தனத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். நானும் அவர்களைப் பார்த்துவிட்டேன். கண்ணும் கண்ணும் பார்த்த பிறகு ‘வாங்க’ வராவிட்டால் என்ன ஆவது? வாயை நன்றாகத் திறந்து ‘வா’ என்றேன். கண்ணாடிக் கதவு பல்லில் இடித்தது. அதை அன்று காலையில்தான் யாரோ புண்ணியவான் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். மிச்சத்தை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். “ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பல் ஆடியது. ஆனால் சாப்பிடாமல் கிளம்பினால் மாமா வீட்டு விசேஷத்துக்கு அது குறையாகிவிடுமே. பந்தியில் உட்கார்ந்தேன். நல்லவேளையாக இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும் போட்டார்கள். மெல்லாமல் விழுங்கினேன். இரண்டாவது தடவை பரிமாற வந்தார்கள். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்று வாயால் சொல்கிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து மறைத்துக்கொள்வோம். எனக்கு அன்று அதற்குக்கூட மனம் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க” என்றார்கள். வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அன்னூரிலேயே ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவள் என் பழைய மாணவி. நான் அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்து வடிவியலில் திண்டாடிய பெண் இப்போது வெள்ளைக் கோட்டும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, “ஆ காட்டுங்க மிஸ்” என்றாள். பல் உடையவில்லை, வேரும் முறியவில்லை, குழியில் தளர்ந்திருக்கிறது என்றாள். பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒரு மெல்லிய கம்பி ஒட்டினாள். பல் கெட்டிப்பட்டதும் கம்பியை எடுத்துவிட்டு, உள்ளே உயிர் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

சோதனை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பஞ்சு உருண்டையில் எதையோ ஸ்ப்ரே அடித்தாள். அது பனிபோல் வெளுத்தது. “சில்லுன்னு தெரிஞ்ச உடனே கையத் தூக்குங்க மிஸ்” என்றாள். முதலில் நல்ல பல்லில் வைத்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சுரீரென்றது. கையைத் தூக்கினேன். பிறகு அடிபட்ட பல்லில் வைத்தாள்.

அங்கேதான் என் குழப்பம் ஆரம்பம். சில்லென்று இருந்ததா? இருந்ததுபோல இருந்தது. உதட்டில் பட்ட குளிரா, பல்லில் பட்டதா? முதல் பல்லின் குளிர் இன்னும் போகாமல் நிற்கிறதா? அவளோ முகக்கவசத்துக்கு மேலே கண்ணை அகலத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடைத்தாளைத் திருத்தும்போது மேசைக்குப் பக்கத்தில் நின்று இதே கண்களால்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எப்படி ஒன்றும் இல்லை என்பது? கையைத் தூக்கினேன்.

“சூப்பருங்க மிஸ்! உயிரோட இருக்குது” என்றாள். அவள் சந்தோஷப்பட்டதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அடுத்தடுத்துப் போனபோதும் பஞ்சு பட்டதும் கை தானாக மேலே போனது. ஒருமுறை படுவதற்கு முன்பே போய்விட்டதோ என்று எனக்கே ஒரு சந்தேகம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் நான் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதையே விட்டு வருடக்கணக்காகிறது. கேட்டால் ‘புரிஞ்சுதுங்க மிஸ்’ என்று மொத்த வகுப்பும் ராகம் போடும். டீச்சர் கேட்டுவிட்டாரே என்பதற்காகச் சொல்வது அது. ஒரு கணக்கைப் போர்டில் எழுதி யாரையாவது எழுப்பிச் செய்யச் சொன்னால்தான் வண்டவாளம் தெரியும். இதையெல்லாம் கரைத்துக் குடித்த நான், டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாகிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் மாமா என்னை உற்றுப் பார்த்தார். “ஏன் அம்மணி, அந்தப் பல்லு கொஞ்சம் மங்கலா தெரியுதே” என்றார். கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம், மற்ற பற்கள் பால் நிறம் என்றால் இது டீத்தண்ணீர் கொஞ்சம் கலந்த நிறம். மாமாவின் முகம் வாடிவிட்டது. “எங்கூட்டுக் கதவுல இடிச்ச பல்லு. நானே சரி பண்ணித் தாறேன். ஆர்.எஸ்.புரத்துல நம்ம டாக்டர் இருக்காரு” என்றார். அவர் குடும்பத்துக்கே பல் பார்க்கிற, வயதான, பேரெடுத்த டாக்டர். நான் ஏற்கெனவே ஒருத்தியிடம் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், உங்கள் டாக்டர் எனக்கு வேண்டாம் என்றாகும். கதவின் குற்றத்தை அவர் தலையில் கட்டி, பரிகாரத்துக்கும் வழி விடாத மாதிரி ஆகும். “சரிங்க மாமா” என்றேன்.

ஆர்.எஸ்.புரத்து டாக்டரிடம் உண்மையை மட்டும்தான் சொல்வது என்று போகும் வழியெல்லாம் எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். என் கணவர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் நின்றார்கள். டாக்டர் அதே மாதிரிப் பஞ்சை வைத்தார். அடுத்து, பேனா போன்ற ஒரு கருவியால் பல்லுக்கு மெல்லிய கரண்ட் கொடுத்தார். சுருக்கென்றால் கையைத் தூக்கவேண்டுமாம். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஏதோ இருப்பதுபோல இருந்தது. ஆனால் இது பொய்யான ‘தெரியுது’வாக இருந்துவிட்டால்? அன்னூரில் செய்ததையே இங்கேயும் செய்தால்? அதோடு, டாக்டர் கருவியைப் பிடித்திருந்த விதத்திலேயே இந்தப் பல் முடிந்த கதை என்று அவர் தீர்மானித்துவிட்டது தெரிந்தது. கையைத் தூக்கவில்லை.

“நரம்பு செத்துப்போச்சுங்க. நிறம் மாறுறதே அதனாலதான். பல்லத் தொறந்து ரூட் கெனால் பண்ணி மூடிறலாம். அடுத்த வாரம் வந்துருங்க” என்றார் டாக்டர்.

“சரிங்க” என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டார். எனக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அன்னூரில் அவளுக்காக ஆமாம் போட்டேன் என்றால், இங்கே இவருக்காக இல்லை போட்டேனோ? அப்படியானால் என் பல் என்னதான் சொல்கிறது? என் வாயில் இருக்கிற பல்லைப் பற்றி எனக்குத் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

மாணவியிடமே போனேன். அவளிடம் சொல்லாமல் இன்னொரு டாக்டரிடம் போனதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட தெரியுதுன்னு சொன்னீங்களே மிஸ்?”

“தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு கண்ணு.”

“அவருகிட்ட?”

“தெரியாத மாதிரி இருந்துச்சு.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பஞ்சும் கரண்டும் நரம்பைக் கேட்கிற கேள்விகள். அடிபட்ட பல்லின் நரம்பு அதிர்ச்சியில் பல மாதம் ஊமையாகக் கிடக்கலாம். அதற்காகப் பல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ரத்தம் ஓடினால் அது உயிர்ப்பல். நிறமும் அடிபட்டபோது உள்ளே கசிந்த ரத்தத்தின் கறையாக இருக்கலாம், சில சமயம் மெல்ல வெளுத்துவிடும். “ஆனா தொறந்து உள்ள இருக்குறத எடுத்துட்டா எடுத்ததுதானுங்க மிஸ். உயிரா இருந்தா திருப்பி வைக்க முடியாது” என்றாள். “நீங்க நெசமாவே எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே வேற வழி பார்த்திருப்பேன்” என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரத்த ஓட்டத்தையே அளந்து பார்க்கும் கருவி ஒன்று ஊருக்கு வெளியே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இருப்பதாகச் சொன்னாள். சாதாரண கிளினிக்குகளில் அது கிடையாதாம். அவளுடைய சீனியர் ஒருவர் அதை வைத்து ஆராய்ச்சி செய்கிறாராம். அவரிடம் பேசி நேரம் வாங்கித் தந்தாள்.

என் கணவருக்கு மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் கடை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். “அதும் நியாயந்தான். வயரு போனா கிணத்துல தண்ணி இல்லைன்னு அர்த்தமா?” என்றார். எனக்குத் தெம்பு வந்தது. ரசம் ஊற்றும்போது யோசித்துவிட்டு, “ஆனா கம்ப்ளெய்ண்ட் வந்த மோட்டாரப் பிரிச்சுப் பார்த்துடறதுதான் நல்லது. சும்மா உட்டா காயில் மொத்தமும் கருகிப்போயிரும்” என்றார். தெம்பு போய்விட்டது. மோருக்கு வரும்போது மறுபடியும் கிணற்றுக் கட்சிக்கே மாறினார். என்னைவிடப் பெரிய குழப்பவாதி வீட்டில் இருப்பது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது.

கல்லூரியில் முதல் தடவை என் பல்வரிசைக்கு மாவு போன்ற ஒன்றை அழுத்தி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் என் பல்லுக்கு நேராக ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். பென்சில் முனை மாதிரி ஒரு குச்சி அதில் நுழையும். எத்தனை முறை அளந்தாலும் அதே இடத்தில் நிற்பதற்குத்தான் அந்த ஓட்டை. ஈறில் ஓடும் ரத்தம் கணக்கில் கலந்துவிடாமல் இருக்க அதன் மேல் கறுப்பு ரப்பரைப் போர்த்தினார்கள். குச்சியின் முனையில் இருந்து மெல்லிய சிவப்பு வெளிச்சம் பல்லுக்குள் போகுமாம். ஓடுகிற ரத்தத்தில் பட்டால் ஒரு விதமாகத் திரும்பி வரும், ஓட்டமே இல்லாவிட்டால் வேறு விதமாக வரும். அந்த வித்தியாசம் திரையில் கோடாக ஓடும்.

“நான் எப்பக் கையத் தூக்கோணுங்க?” என்று கேட்டேன்.

“தூக்கவே வேண்டாங்க மேடம். உங்களை ஒண்ணும் கேக்க மாட்டோம். அசையாம இருந்தாப் போதும், பேசக்கூடாது” என்றார் அந்த இளம் டாக்டர்.

எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. இத்தனை நாள் என்னைக் கேட்டுக் கேட்டுக் குழம்பினார்கள். இப்போது நேராகப் பல்லிடமே விசாரிக்கப் போகிறார்கள். என் பேச்சை நம்பத் தயாரில்லை என்பதைக் கல்லூரி வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கோபம். கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு குரல்.

சற்று நேரம் சும்மா சாயவைத்துவிட்டு, பிறகு ஆரம்பித்தார்கள். முதலில் நல்ல பல்லை அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமாம். திரையில் ஒரு கோடு சின்னச் சின்ன மேடுகளாக ஏறி இறங்கிப் போனது. ஒவ்வொரு மேடும் என் இதயத் துடிப்பு என்றார் டாக்டர். பல்லுக்குள் இதயம் துடிப்பதை நான் வாயைப் பிளந்தபடி பார்த்தேன். ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது.

அடுத்து அடிபட்ட பல். குச்சியை மாற்றிச் செருகினார். கோடு தரையோடு தரையாக வருவதுபோலத் தெரிந்தது. உற்றுப் பார்க்கிறேன், அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர் உள்ளே வந்தார். இளம் டாக்டர் எழுந்து நின்றார். பெரியவர் ஒருவர் வந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிப் படுத்துக் கிடப்பது? என்னை அறியாமல் முதுகு நாற்காலியை விட்டு எழுந்தது, இரண்டு கையும் கும்பிடப் போயின. திரையில் கோடு கூரைக்குத் தாவியது.

“மேடம், ப்ளீஸ்!” என்று அலறினார் டாக்டர். பேராசிரியர் பயந்து வெளியே போய்விட்டார். அச்சைக் கழற்றி, மாட்டி, சாயவைத்து, எல்லாம் முதலில் இருந்து.

இரண்டாவது தடவை நான் கல்லாகக் கிடந்தேன். யாராவது வந்துவிடக் கூடாதே என்று கதவைப் பார்க்காமல் திரையையே பார்த்தேன். கோடு வந்தது. நல்ல பல்லின் கோட்டைவிடத் தாழ்வாக, சோம்பலாக வந்தது. ஆனால் மேடு இருந்தது. என் நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் அதுவும் லேசாகத் தலையைத் தூக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் கோடு கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

“ரத்தம் ஓடுற மாதிரிதானுங்க தெரியுது” என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் வந்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா இத மட்டும் வச்சு முடிவு சொல்ல மாட்டோமுங்க. என்னதான் மறைச்சாலும் ஈறோட ரத்தம் கொஞ்சம் கலந்து காட்டலாம். பல்லு கறை பட்டிருந்தா வெளிச்சம் சரியாப் போகாது, உள்ள ஓடுறதும் கம்மியாக் காட்டலாம். சில மாசம் விட்டு விட்டு அளந்து, எக்ஸ்ரேயும் பார்த்துத்தான் சொல்லமுடியும். அதுவரைக்கும் தொறக்க வேண்டாங்கறது என் அபிப்பிராயம்” என்றார்.

கூடக் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். எந்த மனிதரையும் கேட்காத கருவியும் கடைசியில் என்னைப் போலவே பேசுகிறதே என்று நினைத்தேன்.

இப்போது நான் செய்யவேண்டியது ஒன்றுதான். ஆர்.எஸ்.புரத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லவேண்டும். சமையலறையில் நின்று சத்தமாக ஒத்திகை பார்த்தேன். ‘மன்னிச்சுக்குங்க, இப்போதைக்கு வேண்டாங்க.’ நன்றாகத்தான் வந்தது. போன் போட்டேன். “கண்டிப்பா வந்துருங்க மேடம், டாக்டர் உங்களுக்காகவே நேரம் ஒதுக்கியிருக்காரு” என்றது எதிர்முனைப் பெண்குரல். “வந்தர்றேனுங்க” என்றேன். என் கணவரிடம் சொல்லச் சொன்னேன். “எனக்கென்ன தெரியும், உன்ற பல்லு” என்றார். மாமா கூப்பிட்டு, “நேரத்துக்குப் போயிருங்க அம்மணி, நான் சொல்லி வச்சுட்டேன்” என்றார். “சரிங்க மாமா” என்றேன். இப்படியாக, உயிரோடு இருக்கிறது என்று ஒருவர் சொன்ன பல்லைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துப்போட, மரியாதையின் காரணமாக, நானே போய் உட்கார்ந்தேன்.

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். டாக்டர் சிரித்த முகமாக, “வாங்க வாங்க” என்றார். இத்தனை அன்பாக ‘வாங்க’ என்று கேட்பவரிடம் வந்த காலோடு வேண்டாம் என்பதா? உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். உட்கார்ந்தேன். மார்பில் துணி கட்டினார்கள். அவர் கை கழுவி வரட்டும் என்று இருந்தேன். வந்தார். “செத்த பல்லுக்கு ஊசி எதுக்குங்க, நேராத் தொறந்துறலாம்” என்றார். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பச்சை ரப்பர் விரிப்பை மாட்டிவிட்டார்கள். என் பல் ஒன்று மட்டும் அதன் நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு ரப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இனிப் பேச்சு கிடையாது.

“வலிச்சா இடது கையத் தூக்குங்க” என்றார் டாக்டர்.

மெஷின் சுழல ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வலித்தால் பல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அப்போது கையைத் தூக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் வலிக்கிற நேரத்தில் ஓட்டை விழுந்திருக்குமே. வலிக்காவிட்டால்? நரம்பு ஊமை என்று அவள் சொன்னாளே. ஊமையாக இருக்கும் ஒன்றைச் சத்தம் போடவில்லை என்பதற்காகவா வெட்டுவது? திரையில் பார்த்த அந்தச் சோம்பல் மேடுகள் கண்ணுக்குள் வந்தன.

இடது கையைத் தூக்கினேன்.

மெஷின் நின்றது. “ஏனுங்க, இன்னும் வைக்கவே இல்லீங்களே” என்றார் டாக்டர். நியாயமான கேள்வி. கை இறங்கிவிட்டது. “பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். மறுபடியும் சத்தம். இந்த முறை நான் இடது கையை மட்டும் தூக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, ரப்பரின் மேல், பல்லின் மேல், மொத்தமாக மூடிக்கொண்டேன். பந்தியில் இலையை மறைப்பதுபோல.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. டாக்டர் மெஷினை நிறுத்தி வைத்தார். ரப்பரைக் கழற்றினார். “வேண்டாங்களா?” என்றார்.

“வேண்டாங்க” என்றேன். அந்தச் சொல் வாயில் இருந்து வெளியே வருவது எனக்கே புதிதாக இருந்தது. அதன் பின்னால் கல்லூரி, சிவப்பு வெளிச்சம், கோடு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் சுருங்கியது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க” என்றார். எத்தனை பேர்தான் என்னிடம் இதைச் சொல்வார்கள்! ஆனால் நல்ல மனிதர். கையுறையைக் கழற்றப் போனவர், என்ன நினைத்தாரோ, பஞ்சை எடுத்து ஸ்ப்ரே அடித்து மறுபடி அந்தப் பல்லில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா காத்திருந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பல்லுக்குள் போய்த் தேடினேன். ‘தெரியுதுங்க’ என்று ஒன்று நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கினேன். ‘தெரியலீங்க’ என்று இன்னொன்று வந்தது. அது ‘சில்லிப்பு இல்லை’ என்ற பொருளில் வந்ததா என்று பார்த்தேன். இல்லை.

“இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க” என்றேன்.

“இதுதான் இத்தன நாள்ல நீங்க சொன்ன சரியான பதிலு” என்றார் அவர். பஞ்சைத் தட்டில் போட்டார். அவசரமில்லை, அவர்கள் அளந்து பார்க்கட்டும், வீக்கமோ வலியோ வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். மாமாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். அதற்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

அதற்கு அப்புறம் கல்லூரிக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். கோடு கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்றார்கள், உயர்ந்த மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார்கள். நிறம் வெளுத்திருக்கிறது என்று மாணவி சொல்கிறாள். எனக்கு ஒரு நாள் வெளுத்ததாகவும் ஒரு நாள் அப்படியே இருப்பதாகவும் படுகிறது. அது போகட்டும். எனக்கு மறக்காமல் இருப்பது அன்று கிளினிக்கை விட்டு வெளியே வந்த நேரம்தான்.

என் கணவர் தெருவோரத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்களும் பட்டுக்கடைக்கு வந்த கார்களும் நெரித்துக்கொண்டிருந்தன.

“முடிஞ்சுதா?” என்றார்.

“இல்லீங்க. வேண்டான்னு சொல்லிப்போட்டேன்.”

“யாரு, நீயா?”

ஹெல்மெட்டை மாட்டப் போனவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரப்பர் இழுத்ததில் என் வாய் சிவந்திருந்தது. “வலிக்குதா?” என்றார்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் இதைக் கேட்கும்போதெல்லாம், கேட்டு முடிக்கும் முன்பே ‘இல்லீங்க’ என்று சொல்லி வந்திருக்கிறேன். பிரசவத்தின்போதும் அதைத்தான் சொன்னேன். அன்றும் அது வழக்கம்போலத் தயாராக வந்து வாய் வாசலில் நின்றது.

“சித்த இருங்க” என்றேன். “பார்த்துச் சொல்றேன்.”